டி.நகரில் இருக்கும் அந்த 'டி' யார்?

(இரண்டாம் ஆண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு)



இந்த வருட மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு அண்ணன் வந்து நின்றபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எழுத சிவில் பிரிவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஜோக் எழுத மெக்கானிக்கல்காரர்களை மிஞ்ச ஆளில்லை. எனக்கு ரெக்கார்டு நோட்டு எழுதித்தான் பழக்கம். கடைசியில் ஒரு தலைவரின் வாழ்க்கையைப் பற்றி எழுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காந்தி, காமராஜர், அப்துல் கலாம் மூவரைப் பற்றியும் வருடா வருடம் யாராவது எழுதிவிடுகிறார்கள். அதனால் நான் வேறு ஒருவரைப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்வது கூடத் தப்பு. ஒரு பஸ் போர்டு அவரை எனக்குக் காட்டிக் கொடுத்தது.

போன செமஸ்டரில் எங்கள் வகுப்பு சென்னைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனது. மில் பார்த்தோம், குறிப்பு எடுத்தோம், அதெல்லாம் இருக்கட்டும். எல்லாருக்கும் மனசு ரங்கநாதன் தெருவில் இருந்தது என்பதுதான் உண்மை! சாயங்காலம் தி.நகர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் எங்களுக்குள் ஒரு சந்தேகம். டி.நகர், டி.நகர் என்கிறோமே, அந்த டி என்ன? இத்தனை துணிக்கடை இருப்பதால் டெக்ஸ்டைல் நகராக இருக்கும் என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். கூட வந்த ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அது தியாகராயர் பெயர், அவர் நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர், சொந்தமாகத் தறிப் பட்டறை நடத்தியவர், துணிக்கடைத் தெருவுக்கு அவர் பெயர் பொருத்தம்தான் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தறி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது விரிந்துவிட்டது. காரணம் இருக்கிறது. என் அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறி அவருடையது இல்லை, கூலிக்கு ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுவார். அப்பா மூன்றாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தறி முதலாளி ஒருவர் மந்திரிசபை அமைக்கிற அளவுக்குப் போனாரா என்று தெரிந்துகொள்ளும் ஆசை அங்கே தொடங்கியது. நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி பெருமையாக இருந்தது. பாதி அப்படி இல்லை. இரண்டையும் சொல்கிறேன்.

பிட்டி தியாகராயர் 1852 ஏப்ரல் 27ஆம் தேதி பிறந்தார். பிட்டி என்பது குடும்பப் பெயர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குலம், நெசவுதான் குலத்தொழில். ஆனால் எங்கள் வீடு போலக் கஷ்ட ஜீவனம் இல்லை. தோல் பதனிடுதல், உப்பளம், சுண்ணாம்பு, துணி என்று பல வியாபாரம் பார்த்த பணக்காரக் குடும்பம். அவர் மாநிலக் கல்லூரியில் படித்து 1876இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் வியாபாரி வீட்டுப் பிள்ளை பி.ஏ. படிப்பது அதிசயம். படித்தவர் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவில்லை, குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். பிட்டி நெசவாலை என்ற பெயரில் சுமார் நூறு தறிகள் வைத்து நடத்தினார்.

இந்த இடத்தில் நம் பாடத்தைக் கொஞ்சம் நுழைக்கிறேன், மற்ற பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். பழைய குழித்தறியில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டுகிற அகலம்தான் துணியின் அகலம். அதைவிட அகலமாக நெய்ய இரண்டு பேர் உட்கார வேண்டும். 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கயிற்றை ஒரு இழு இழுத்தால் பிக்கர் என்ற கட்டை நாடாவைத் தட்டும், நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குத் தானே ஓடும். ஒரு கை மிச்சம், வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதுதான் விசைநாடா. நம் பக்கத்து நெசவாளிகளிடம் இது வந்து சேர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கைத்தறியில் இந்த விசைநாடாவைப் புகுத்திப் பார்த்த முன்னோடிகளில் தியாகராயரும் ஒருவர். மில் துணி வந்து குவிந்த காலத்தில் கைத்தறி பிழைக்க வேண்டுமானால் வேகம் கூட வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் லேபில் மூலையில் நிற்கிற அந்தப் பழைய தறியை இப்போது நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

வியாபாரிகளுக்காக அவர் செய்த இன்னொரு வேலையும் உண்டு. அப்போது மெட்ராசில் இருந்த வர்த்தக சபை வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. 1906இல் அர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி திவால் ஆகி, நம் ஊர் ஜனங்கள் போட்டு வைத்த பணம் எல்லாம் மூழ்கிப் போனது. இந்திய வியாபாரிகளுக்கென்று சொந்தமாக அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுத்த காலம் அது. 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை உருவானது. அதைத் தொடங்கியவர்களில் தியாகராயர் ஒருவர். பத்து வருஷத்துக்கு மேல் அதன் தலைவராகவும் இருந்தார்.

சரி, வியாபாரி எப்படி அரசியலுக்கு வந்தார்? அவர் திடீரென்று வரவில்லை. 1882லேயே மெட்ராஸ் நகராட்சி மன்றத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார். அப்போது வயது 30. அன்று உட்கார்ந்தவர் சுமார் நாற்பது வருஷம் அந்த மன்றத்தை விடவில்லை. சாக்கடை, தண்ணீர்க் குழாய், விளக்குக் கம்பம், பள்ளிக்கூடக் கூரை. நாற்பது வருஷமும் இதே பேச்சுதான். எனக்கு ஒரு மணி நேரம் அசெம்பிளியில் நிற்பதே பெரும்பாடு! காங்கிரசிலும் இருந்தார். பக்திமான், கோயில் காரியங்களுக்குக் கை நிறையக் கொடுப்பவர். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. அதனால்தான் வெள்ளுடை வேந்தர் என்று பெயர் வந்தது.

அவர் வாழ்க்கை திரும்பிய இடத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை இது. ஒரு கோயில் குடமுழுக்குக்கு அவர் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தாராம். விழா நாளில் போய்ப் பார்த்தால் மேடையில் பிராமணர்களுக்கு மட்டும் இடமாம். அவரிடமே சம்பளம் வாங்கும் கணக்கர் மேலே நிற்க, பணம் கொடுத்த முதலாளி கீழே நிற்க வேண்டியிருந்ததாம். கதையில் கோயிலின் பெயர் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் அந்தக் காலத்து நிலவரம் மாறாது. 1914ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேர். அதில் பிராமணர்கள் 452, பிராமணர் அல்லாத இந்துக்கள் 124, மற்றவர்கள் 74. ஜனத்தொகையில் பிராமணர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். இந்தக் கணக்கை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் அறைத்தோழிக்குக் காட்டினேன். அவள் சீட்டைப் பார்த்துவிட்டு, அந்த 124இல் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். அவள் ஆதி திராவிடர் குடும்பத்துப் பெண். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

டாக்டர் டி.எம்.நாயர் என்று ஒருவர். நல்ல பேச்சாளர், கோபக்காரர். அவரும் நகராட்சி மன்றத்தில் இருந்தவர். அவருக்கும் தியாகராயருக்கும் அங்கே ஆகவே ஆகாது, எதிரும் புதிருமாக நின்றவர்கள். இவர்களை ஒரே பாயில் உட்கார வைத்தவர் டாக்டர் சி.நடேசனார். நடேசனாரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி நடத்தினார். வெளியூரிலிருந்து படிக்க வரும் பிராமணர் அல்லாத மாணவர்களுக்கு அன்று சாப்பிடவும் தங்கவும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. படிப்பில் இடம் கிடைத்தும் படுக்க இடம் இல்லாமல் ஊருக்குத் திரும்பிய பையன்கள் இருந்திருப்பார்கள். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆன ஆர்.கே.சண்முகம் செட்டியார் அந்த விடுதியில் தங்கிப் படித்தவர். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டே சாப்பிடும் எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

1916இல் நடந்த சட்டசபைத் தேர்தல்களில் நாயர் தோற்றார், தியாகராயரும் தோற்றார். தோல்வி இரண்டு பேரையும் நெருக்கியது. அதே வருஷம் நவம்பர் 20ஆம் தேதி வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். அங்கே தொடங்கியதுதான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். டிசம்பரில் பிராமணர் அல்லாதார் அறிக்கையைத் தியாகராயர் வெளியிட்டார். உத்தியோகத்திலும் படிப்பிலும் யார் யாருக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டுக் கேட்ட அறிக்கை அது.

அடுத்து அவர்கள் செய்ததில் வியாபாரியின் மூளை தெரிகிறது. கட்சி என்றால் பத்திரிகை வேண்டும், பத்திரிகைக்குப் பணம் வேண்டும். உண்டியல் குலுக்கினால் எத்தனை நாள் வரும்? ஒரு கூட்டுப் பங்குக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஒரு பங்கு 100 ரூபாய், 640 பங்குகள். அந்தப் பணத்தில் அச்சகமும் காகிதமும் வாங்கி, 1917 பிப்ரவரி 26ஆம் தேதி 'ஜஸ்டிஸ்' என்ற ஆங்கில நாளிதழைக் கொண்டு வந்துவிட்டார்கள். நாயர்தான் ஆசிரியர். தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திர பிரகாசிகா'. ஜஸ்டிஸ் பத்திரிகையின் பெயரால் கட்சியையே ஜனங்கள் ஜஸ்டிஸ் கட்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழில் நீதிக்கட்சி. பேப்பர் பெயரே கட்சிப் பெயராகிவிட்டது!

நாயர் கட்சிக் காரியமாக லண்டன் போன இடத்தில் 1919 ஜூலையில் இறந்து போனார். பாரம் முழுவதும் தியாகராயர் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு 67 வயது. நம் தாத்தாக்கள் அந்த வயதில் திண்ணையை விட்டு இறங்க மாட்டார்கள்.

1920 நவம்பரில் புதிய சட்டத்தின்படி மெட்ராஸ் மாகாணத்துக்குத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. நீதிக்கட்சிக்கு, தேர்தல் நடந்த 98 இடங்களில் 63 கிடைத்தது. இதை மக்கள் தீர்ப்பு என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் நாலு கோடி ஜனங்கள் இருந்த மாகாணத்தில் ஓட்டுரிமை சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்குத்தான் இருந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டும் ஓட்டு. என் கொள்ளுத்தாத்தா அன்று உயிரோடு இருந்திருந்தாலும் சாவடிப் பக்கம் போயிருக்க முடியாது. பெண்களுக்கு அதுவும் கிடையாது. சொத்துள்ள பெண்களுக்கு ஓட்டு என்பது 1921இல் தான் வந்தது, அதுவும் இந்த நீதிக்கட்சி ஆட்சியில்.

ஜெயித்த கட்சியின் தலைவர் என்ற முறையில் மந்திரிசபை அமைக்கச் சொல்லி கவர்னர் வெலிங்டன் தியாகராயரை அழைத்தார். மாகாணத்தின் முதல் முதன்மந்திரி! மந்திரிக்கு அன்றைய சம்பளம் மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து நாலாயிரம்! வாத்தியார் சம்பளம் எல்லாம் பத்து, இருபது என்று இருந்த காலம். தியாகராயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதன்மந்திரி ஆனார். 1921 ஜூலையில் அவர் உடம்பு சரியில்லாமல் விலக, பனகல் அரசர் வந்தார். தியாகராயர் கட்சித் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் வெளியிலேயே நின்றுகொண்டார்.

ஏன் வேண்டாம் என்றார்? நான் இதை நிறைய யோசித்தேன். கட்சித் தலைவர் பதவிக்குப் போகக் கூடாது என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். பணம் ஏற்கெனவே இருந்தது என்பதும் ஒரு காரணம்தானே என்று என் தோழி சொல்கிறாள். பசித்தவன் முன்னால் இலையைப் போட்டு எழுந்து போ என்றால் போவானா என்று அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான் ஒன்று கவனித்தேன். மாகாண நாற்காலியை வேண்டாம் என்றவர் நகராட்சி நாற்காலியை விடவில்லை. அதே 1920இல் மெட்ராஸ் மாநகராட்சியின் தலைவராக இருந்தார். சர்க்கார் அதிகாரியாக இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்றைய இரட்டை ஆட்சியில் மந்திரிக்குப் போலீசும் கிடையாது, கஜானாவும் கிடையாது, எல்லாம் கவர்னர் கையில். மாநகராட்சியிலோ நாற்பது வருஷமாக ஒவ்வொரு தெருவும் அவருக்குத் தெரியும். தறிக்காரனுக்குத் தெரிந்த தறியில்தான் கை ஓடும் என்று அப்பா சொல்வார்.

அந்த நாற்காலியில் இருந்து அவர் செய்த காரியங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடம். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடம். பிள்ளைகள் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைக்கு அ ஆ எப்படி மண்டையில் ஏறும்? 1920 செப்டம்பர் 16ஆம் தேதி மாநகராட்சி மன்றத்தில் இந்த விஷயம் வந்தது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் வறுமையால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பதைத் தியாகராயர் எடுத்துச் சொன்னார். பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்று தீர்மானம் ஆனது. ஒரு அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு இது விரிந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது.

நண்பர்களே, இது 1920. காமராஜர் மதிய உணவு 1956. எம்.ஜி.ஆர். சத்துணவு 1982. காலை உணவுத் திட்டம் வந்தது 2022. நாங்கள் எல்லாம் சத்துணவுக் கூடத்துத் தட்டோடு வளர்ந்தவர்கள். அம்மா விடியற்காலையில் தார் சுற்ற உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியம் ஆகும். எனக்கு மதியச் சோறு பள்ளிக்கூடத்தில்தான். செவ்வாய்க்கிழமை எதற்காகக் காத்திருப்பேன், எந்த நாளில் முட்டை என்று இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த முட்டைக்கு ஒரு நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் ஒரு அணாவுக்குக் கணக்குப் போட்டார் என்பது எனக்குத் தெரியாமலே சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. இந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியில் எழுதக் கூடாது என்று சர்க்கார் மறுத்தது. 1925 ஏப்ரலில் நின்று போனது. தணிக்கைக்காரர் பேனாவால் பிள்ளைகளின் தட்டைக் கவிழ்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டால் அவள் என்னோடு பேச மாட்டாள், நானும் பொய் எழுதியவள் ஆவேன்.

1921இல் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்லில் பெரிய வேலைநிறுத்தம். சுமார் ஆறு மாதம் நீடித்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். சண்டை மூண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதி திராவிடர் பக்கம் நிற்கவில்லை. அவர்களுக்கு சர்க்கார் அதிகச் சலுகை காட்டுகிறது என்ற பேச்சுதான் கட்சியில் எழுந்தது. கட்சியோடு இருந்த எம்.சி.ராஜா மனம் வெறுத்து 1923இல் தன் ஆட்களோடு வெளியேறினார். அப்போது கட்சித் தலைவர் யார்? நம் தியாகராயர்தான். மேடையில் தனக்கு இடமில்லை என்று பொங்கியவர் கட்சி, குடிசை எரிந்தவர்கள் பக்கம் நிற்கவில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது? அதே 1921இல் எல்லாச் சமூகத்துக்கும் உத்தியோகத்தில் பங்கு என்ற வகுப்புவாரி ஆணையும் இந்த ஆட்சிதான் போட்டது. நான் டிப்ளமோவில் இடம் வாங்கியதற்கு அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, என் தோழிக்கும் உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னால் எனக்குக் கை நடுங்குகிறது. அவள் எனக்காக ஒன்று மட்டும் ஒப்புக்கொண்டாள். ஆயிரம் விளக்குப் பள்ளித் தட்டில் விழுந்த சிற்றுண்டியை அவள் குறை சொல்லவில்லை.

கட்சிக்குள்ளும் அவருக்கு நிம்மதி இல்லை. யாரையும் கலக்காமல் முடிவு எடுக்கிறார் என்று புகார் வந்தது. மந்திரிகளில் தமிழர் இல்லை என்று முணுமுணுப்பு வந்தது. 1923 தேர்தலுக்குப் பிறகு சி.ஆர்.ரெட்டி போன்றவர்கள் எதிர்ப் பக்கம் போய், பனகல் அரசர் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். இந்திய மாகாண சபைகளில் அந்த மாதிரித் தீர்மானம் அப்போது புதுசு. மந்திரிசபை தப்பிப் பிழைத்தது.

அவர் உடையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1922 ஜனவரியில் இங்கிலாந்து இளவரசர் மெட்ராஸ் வந்தார். காங்கிரஸ் கடையடைப்பு நடத்தியது. ஊரே இரண்டாக நின்றது. மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயர் வரவேற்க வேண்டும். அதற்கென்று தனி உடுப்பு விதி இருந்ததாம். வெள்ளை வேட்டியும் கோட்டும்தான் என் உடுப்பு, அதோடுதான் வருவேன் என்று சொல்லி அனுமதி வாங்கி அப்படியே போனாராம். வரவேற்கவே போயிருக்கக் கூடாது என்பது என் சொந்த அபிப்பிராயம். போனதுதான் போனார், நம் நெசவுத் துணியில் போனாரே என்பதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

மாம்பலத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. 1923லிருந்து அந்தப் பக்கத்தை மேடாக்கி மனைகள் பிரித்துப் புதிய குடியிருப்பு உண்டாக்கினார்கள். அதற்குத் தியாகராயர் பெயர் வைத்தார்கள். நடுவில் இருக்கும் பூங்காவுக்குப் பனகல் பெயர், பக்கத்தில் நடேசன் பூங்கா, நாயர் பெயரில் சாலை. மன்றத்தில் சண்டை போட்டவர்கள் எல்லாரும் இப்போது ஒரே பேட்டையில் குடியிருக்கிறார்கள்! பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரியும் இருக்கிறது.

1925 ஏப்ரல் 28ஆம் தேதி, 73 வயது முடிந்த மறுநாள், தியாகராயர் இறந்தார். பிள்ளைகளின் சிற்றுண்டி நின்றதும் அதே மாதம்தான்.

கட்டுரையை எழுதி முடித்த அன்று இரவு ஹாஸ்டலிலிருந்து அப்பாவுக்குப் போன் பண்ணி முழுக்கதையையும் சொன்னேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நைட் ஷிப்ட். நூறு தறி என்று சொன்னதும் அப்பா முதலில் கேட்டது, அவர் மீட்டருக்கு என்ன கூலி கொடுத்தார் என்றுதான். நான் பதில் சொல்லவில்லை. மந்திரி நாற்காலியை வேண்டாம் என்றதற்கு ம் என்றார். சிற்றுண்டிக் கதைக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன பலகாரம் கொடுத்தார்கள் என்று கேட்டார். அதற்குள் தறியில் இழை அறுந்துவிட்டது, போனை வைத்துவிட்டார்.